காட்டுத்தீயும் பிள்ளைகளின் கதைநூல்களும்



பாலர் இலக்கியத்தைப் பற்றி ஆண்டுக்கொருமுறையேனும் ஒருவர் சிந்தித்துப் பேசவேண்டும் என்று கருதி, அதற்கெனப் பொருள் ஒதுக்கி வைத்த பெரியோரின் சிரத்தைக்கு முதற்கண் என் வந்தனத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். இத்தகைய மேடைகளில் தாலாட்டின் இனிமையையோ நீதிக்கதைகளின் பயனையோ எடுத்துரைப்பது வழக்கமாக இருக்க, ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் காட்டுத்தீயைப் பொருளாக வைத்துப் பிள்ளைகளுக்கும் இளைஞருக்கும் எழுதப்பட்ட நூல்களை நான் எடுத்துக்கொண்டது சிலருக்கு விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சமூகம் தன் பிள்ளைகளை எவ்வளவு மதிக்கிறது என்பதை அறிவதற்கு, அது அவர்களைச் சிரிக்கவைக்கும் கதைகளைக் காட்டிலும், அச்சமூட்டும் சங்கதிகளை அவர்களிடம் எவ்விதம் சொல்கிறது என்பதே சரியான அளவுகோல் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

வெள்ளம் வந்தால் வானத்தைப் பார்க்கிறோம். பூமி அதிர்ந்தால் விதியை நொந்துகொள்கிறோம். காடு எரிந்தால் மட்டும், புகை அடங்குவதற்கு முன்பே, யார் வைத்த நெருப்பு என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். மின்னலால் பற்றிக்கொள்ளும் காடுகளும் உண்டுதான். எனினும் மனிதர் குடியிருக்கும் இடத்தை அடுத்து மூளும் தீக்குப் பெரும்பாலும் மனிதக் கையே மூலம் ஆதலால், இக்கேள்வி அநியாயமானதென்று சொல்லமுடியாது. இதனால் காட்டுத்தீயைக் கதைப்பொருளாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், நியாயாதிபதியின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துவிடுகிறான். குற்றத்தை யார் தலையில் வைக்கிறான், தண்டனையை யார் அனுபவிக்கும்படி விடுகிறான், அந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையை எந்த இடத்தில் நிறுத்துகிறான் என்ற மூன்றையும் கவனித்தால் அந்நூலின் தரம் விளங்கிவிடும்.

மேல்நாட்டு நூல்களுக்குப் போகுமுன், நம் இதிகாசத்தில் உள்ள ஓர் உபகதையை நினைவூட்ட அனுமதிக்க வேண்டும். மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் காண்டவ வனம் எரிகிறது. அக்கினிக்கு இரையாகக் காட்டைக் கொடுத்துவிட்டுக் கிருஷ்ணனும் அருச்சுனனும் இருபுறமும் காவல் நிற்கிறார்கள். வீரர்களின் பிரதாபத்தைப் பாடிச் செல்லும் அந்தப் பகுதியின் நடுவே, வியாசர் திடீரென்று ஒரு கூட்டின் முன் நிற்கிறார். சிறகு முளைக்காத நான்கு சார்ங்கக் குஞ்சுகள். தந்தையாகிய மந்தபாலர் வேறொரு பேடையோடு போய்விட்டார். தாய் ஜரிதை செய்வதறியாது, எலிவளைக்குள் புகுந்துகொள்ளுங்கள், மேலே மண்ணைத் தூவி மூடிவிடுகிறேன் என்கிறாள். குஞ்சுகள் மறுக்கின்றன. வளைக்குள் எலி இருந்தால் சாவு நிச்சயம், வெளியே இருந்தால் காற்று திரும்பக்கூடும் என்று அவை தர்க்கம் பேசுகின்றன. நீ பிழைத்தால் உனக்கு வேறு பிள்ளைகள் பிறக்கும், போய்விடு என்று தாய்க்கே புத்தி சொல்லி அனுப்புகின்றன. பிறகு தாமே அக்கினியைத் துதித்துப் பிழைத்துக்கொள்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு வந்து சேரும் தந்தைக்குக் கிடைப்பது நல்ல வசவு. பெரியவர்களின் யோசனை உதவாத இடத்தில் பிள்ளைகள் தம் அறிவையே நம்பிப் பிழைக்கும் கதை இது. அக்காட்டை எரித்தவர்கள் கதாநாயகர்களே என்பதை வியாசர் மறைக்கவுமில்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கவுமில்லை. இவ்வளவு நேர்மையாகக் குழந்தைகளிடம் தீயைப் பற்றிப் பேசும் துணிவு நவீன உலகில் மீண்டும் வருவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

நவீன காலத்தில் முதலில் வந்தது பிரசாரம். ஆஸ்திரிய எழுத்தாளர் ஃபெலிக்ஸ் சால்ட்டன் 1923-இல் வெளியிட்ட ‘பாம்பி’ என்னும் மான்குட்டிக் கதையில் காட்டுத்தீ கிடையாது. வேட்டைக்காரனின் துப்பாக்கிதான் அங்கே பயங்கரம். 1942-இல் வால்ட் டிஸ்னி அதைச் சித்திரப்படமாக்கியபோதுதான் வேட்டைக்காரர் விட்டுச் சென்ற கூடாரத் தீ காட்டை விழுங்கும் காட்சி சேர்க்கப்பட்டது. உலகமெங்கும் பிள்ளைகள் திரையரங்கு இருட்டில் முதன்முதலாகக் காட்டுத்தீயைக் கண்டது அக்காட்சியில்தான் என்றால் மிகையாகாது. அது யுத்தகாலம். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் வந்து குண்டு வீசிவிட்டுப் போயிருக்கிறது. காடுகளில் தீ மூண்டால் அணைப்பதற்கு ஆளில்லை. வன இலாகா டிஸ்னியிடம் பாம்பியை ஓராண்டுக்கு இரவல் வாங்கிச் சுவரொட்டிகளில் அச்சிட்டது. அந்தக் கெடு முடிந்ததும் தனக்கென ஒரு மிருகம் வேண்டியிருந்தது. 1944 ஆகஸ்டில் பிறந்தது ஸ்மோக்கி என்னும் கரடி: தலையில் தொப்பி, கையில் வாளி, முகத்தில் ஒரு தலைமையாசிரியரின் கண்டிப்பு.

1950-இல் நியூ மெக்ஸிகோ மாகாணத்துக் காப்பிட்டான் மலையில் மூண்ட தீயில் கால்கள் வெந்த ஒரு கரடிக்குட்டி உயிரோடு அகப்பட்டது. அதற்கும் ஸ்மோக்கி என்று பெயரிட்டு வாஷிங்டன் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டு சென்றார்கள். கற்பனைக்கு உடம்பு கிடைத்துவிட்டது. 1952-இல் ஸ்மோக்கியின் பெயரையும் உருவத்தையும் காப்பதற்குச் சட்டமே இயற்றப்பட்டது. பிள்ளைகள் எழுதும் கடிதங்கள் குவிந்தமையால் 1964-இல் அதற்கெனத் தனி அஞ்சல் குறியீட்டு எண் கொடுக்கப்பட்டது. 1955-இல் ஜேன் வெர்னர் எழுதி ரிச்சர்டு ஸ்காரி படம் வரைந்த சிறு நூல், மலிவு விலைக்கு விற்கும் பாலர் வரிசையொன்றில் வெளிவந்து வீடுதோறும் புகுந்தது. ஸ்காரியின் சித்திரங்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கரடி குழந்தையை நோக்கி விரல் நீட்டி, காடு எரிவதும் எரியாமலிருப்பதும் உன் ஒருத்தன் கையில் இருக்கிறது என்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் தோளில் அத்தனை லட்சம் ஏக்கரையும் தூக்கி வைப்பது எந்த வகை நியாயம்?

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு பழைய கிலி இருந்தது. 1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டு நாட்களில், ஐடஹோ, மொண்டானா பிரதேசங்களில் ஏறக்குறைய முப்பது லட்சம் ஏக்கர் காடு எரிந்து, தீயணைக்கச் சென்றவர்கள் எண்பது பேர் அளவில் மாண்டார்கள். எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் தம்மோடு இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பழைய சுரங்கமொன்றில் புகுத்தி, வெளியே ஓட முயன்றவர்களைத் துப்பாக்கி காட்டித் தடுத்து, ஐவர் நீங்கலாக ஏனையோரைக் காப்பாற்றிய வரலாறு பிரசித்தம். ஒருபுறம் கோடரியும் மறுபுறம் மண்வெட்டியுமாக இன்றும் தீயணைப்போர் கையில் இருக்கும் கருவிக்கு அவர் பெயரே வழங்குகிறது. ஜானெட் இங்கோல்ட் 2002-இல் எழுதிய ‘தி பிக் பர்ன்’ என்ற இளைஞர் நாவல் இந்தத் தீயைத்தான் களமாகக் கொண்டது. அணைப்பு வேலைக்கு அனுப்பப்பட்ட கறுப்பினப் படைப்பிரிவைச் சேர்ந்த சேத் என்ற இளம் சிப்பாயையும் முக்கிய பாத்திரங்களில் ஒருவனாக அவர் அமைத்தது மெச்சத் தக்கது. தீயணைப்புப் பெருமையில் அவர்களுடைய பங்கைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் மறந்திருந்தன.

அந்தக் கிலியால் வன இலாகா எடுத்த தீர்மானம், எந்தத் தீயையும் உடனுக்குடன் அணைப்பது என்பது. 1935 முதல் அது விதியாகவே ஆயிற்று: இன்று தீ கண்டால் நாளைக் காலை பத்து மணிக்குள் அடக்கியாக வேண்டும். சில வகைக் காடுகளில் ஆண்டுக்காண்டு சிறு தீக்கள் தின்று தீர்த்துக்கொண்டிருந்த சருகும் சுள்ளியும் புதரும், அவ்விதி அமலில் இருந்த காலத்தில், தின்பாரின்றிக் குவிந்தன. ஒரு வீட்டில் கடனை அன்றன்று தீர்க்காமல் பேரேட்டை மட்டும் பூட்டி வைத்ததைப் போன்ற காரியம் இது. வட்டி தன்பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்மோக்கியைப் படித்து வளர்ந்த தலைமுறையினர் எல்லாத் தீயும் தீமை என்று நம்பினார்கள். அவர்களில் சிலர் பின்னாளில் வன அதிகாரிகளாகவும் சட்டசபை அங்கத்தினர்களாகவும் ஆகி, அதே நம்பிக்கையோடு கையொப்பமிட்டார்கள். பாலர் புத்தகத்தால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

1988 கோடையில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஏறக்குறைய எட்டு லட்சம் ஏக்கர், அதாவது பூங்காவின் மூன்றிலொரு பங்குக்கும் மேலாகத் தீ பரவிச் சென்றபோது, தொலைக்காட்சியில் அதைக் கண்ட ஜனங்கள் பூங்கா அழிந்தே போயிற்றென்று புலம்பினார்கள். ஆயிரக்கணக்கான ஆட்களால் ஆகாத காரியத்தைச் செப்டம்பரில் விழுந்த பனி முடித்து வைத்தது. பேட்ரிஷியா லாபர் 1991-இல் வெளியிட்ட ‘சம்மர் ஆஃப் ஃபயர்’ என்ற நூல் புலம்பலில் கலந்துகொள்ளவில்லை. முன்பு செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற இந்த அம்மையார், சாம்பலுக்குள் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்க்கச் சொல்கிறார். லாட்ஜ்போல் என்னும் பைன் மரத்தின் சில கூம்புகள் பிசினால் முத்திரையிட்டதுபோல் மூடிக்கிடக்கின்றன. தீயின் வெப்பம் பட்டுப் பிசின் உருகினாலன்றி அவை விதைகளை விடுவதில்லை. எரிந்த இடமும் எரியாத இடமும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடப்பதால் ஒவ்வொரு வகைப் பிராணிக்கும் ஓரிடம் வாய்க்கிறது. புகைப்படங்களும் தெளிந்த வசனமும் கொண்ட இந்த மெல்லிய நூலில் குற்றவாளியைத் தேடும் வேலை இல்லை. ஆகையால் குழந்தைக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. கதையின் ருசி இல்லையே என்று குறை சொல்வோர் உண்டு. இருக்கட்டும், எல்லா நூலும் கதையாக வேண்டியதில்லை.

கதையின் ருசிக்கு ஆஸ்திரேலியாவுக்குத்தான் போகவேண்டும். அங்கே தீ எரியும் விதத்தைச் சற்றே விளக்கினால்தான் அந்நாட்டு நாவல்களின் கட்டுக்கோப்பு புரியும். யூகலிப்டஸ் மரத்தின் இலையில் எண்ணெய். அதன் பட்டை சில வகைகளில் நீண்ட நாடாக்களாக உரிந்து தொங்குவது. தீப்பற்றிய அந்த நாடாக்களைக் காற்று தூக்கிச்சென்று பல கிலோமீட்டருக்கு அப்பால் போட்டுவிடும். தீ ஊர்ந்து வருவதோடு நில்லாமல் தாண்டியும் வரும். விக்டோரியா மாகாணத்தில் வெப்பம் மிகுந்த நாளில் கண்டத்தின் உட்பாலையிலிருந்து வடகாற்று வீசும். மாலையில் தென்மேற்குக் குளிர்காற்று திடீரென்று வந்து மோதும். நாள் முழுவதும் ஈட்டிபோல் நீண்டு ஓடிய தீயின் பக்கவாட்டு முழுவதும், காற்று திரும்பிய நிமிஷத்தில், முகப்பாகிவிடும். 71 பேரைக் கொன்ற 1939 ஜனவரி 13-ம், 75 பேரைக் கொன்ற 1983 பிப்ரவரி 16-ம், 173 பேரைக் கொன்ற 2009 பிப்ரவரி 7-ம் இந்த வகை நாட்களே.

ஐவன் சௌத்தால் யுத்தத்தில் கடல்விமானம் ஓட்டி விருது பெற்றவர். பின்பு மெல்போர்ன் நகருக்குக் கிழக்கே டான்டனாங் மலைச்சாரலில் மான்பல்க் என்ற ஊரில் நிலம் வாங்கி வாழ்ந்தவர். அம்மலைப்பக்கத்தில் 1962 ஜனவரியில் பெருந்தீ மூண்டது. மூன்றாண்டு கழித்து 1965-இல் அவருடைய ‘ஆஷ் ரோடு’ வெளிவந்தது. மறு ஆண்டே அந்நாட்டின் சிறந்த பாலர் நூலுக்கான பரிசைப் பெற்றது. நான் இன்று பேச வந்த நூல்களில் இதுவே தலையாயது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

நகரத்துப் பையன்கள் மூவர், கிரஹாம், ஹாரி, வாலஸ், பெற்றோர் துணையின்றி முதன்முறையாகக் கூடாரமடிக்கப் போகிறார்கள். புழுக்கமான இரவு. உறக்கம் வரவில்லை. காப்பி போட்டுக் குடிக்கலாம் என்று கிரஹாம் ஸ்பிரிட் அடுப்பை மூட்டுகிறான். ஸ்பிரிட் கொட்டிவிடுகிறது, புதர் பற்றுகிறது, அடித்துப் பார்க்கிறார்கள், அடங்கவில்லை, ஓடிவிடுகிறார்கள். இவ்வளவுதான் குற்றம். இதில் துஷ்டத்தனம் எள்ளளவும் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளையும் செய்யக்கூடியது. கதை தொடங்கிய சில பக்கங்களுக்குள் யார் மூட்டினார் என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, மிச்சப் புத்தகம் முழுவதையும் அந்த விடையோடு வாழ்வது எப்படி என்பதற்கே சௌத்தால் செலவிடுகிறார். துப்பறியும் சுவாரசியத்தை ஆரம்பத்திலேயே துறந்துவிடும் துணிவு பெரிய எழுத்தாளனுக்குத்தான் வரும்.

மறுநாள் காலை ஆஷ் சாலையில் வசிப்பவர்கள், தீ தொலைவில் இருப்பதாக எண்ணி, வலுவுள்ள ஆண்களும் பெண்களும் அடுத்த ஊருக்கு உதவப் போய்விடுகிறார்கள். சாலையில் மிஞ்சியவர்கள் குழந்தைகளும் தள்ளாத கிழவர்களும். தீ அங்கேதான் வருகிறது. பழத்தோட்டத்தில் மயங்கி விழுந்த தந்தையை வைத்துக்கொண்டு தவிக்கும் லார்னா, அவளுக்கு உதவ நேரும் அந்தப் பையன்கள், பாட்டியை விட்டுவர மனமில்லாத பீட்டர் என்று ஆசிரியர் ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் மாறிமாறிப் புகுந்து வருகிறார். டேனர் தாத்தா என்னும் கிழவர் தம் பொறுப்பில் விடப்பட்ட இரண்டு சிறு பிள்ளைகளைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு மேலே காவல் நிற்கும் அத்தியாயத்தைப் படித்தபோது எனக்குக் காண்டவ வனத்து எலிவளை நினைவு வந்தது. அங்கே குஞ்சுகள் மறுத்தன. இங்கே கிழவருக்குத் தாம் செய்தது சரிதானா என்று தெரியாது, வாசகனுக்கும் தெரியாது.

இந்நூலைப் படித்த சிலருக்கு, பெரியவர்களை இவ்வளவு இயலாதவர்களாகக் காட்டலாமா என்ற சங்கடம் ஏற்படுவதுண்டு. அச்சங்கடம்தான் நூலின் உயிர். தகப்பன்மார் தவறான இடத்துக்குப் போய்விட்டார்கள். வயதானவர்கள் கடந்த தீயின் அனுபவத்தை வைத்து இந்தத் தீயை மதிப்பிடுகிறார்கள். செய்தி தாமதமாக வருகிறது. பின்னாளில் நிகழ்ந்த பல தீ விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் புரட்டினால் இதே சங்கதிகள் இலாகா பாஷையில் எழுதப்பட்டிருக்கும். கிரஹாமை ஆசிரியர் தண்டிக்கவுமில்லை, தடவிக் கொடுக்கவுமில்லை. அவன் செய்த காரியத்தின் அளவும், அது விளைத்த நாசத்தின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது என்ற உண்மையை ஒரு சிறுவனின் மனம் எவ்வாறு சுமக்கும் என்று பக்கத்துக்குப் பக்கம் பார்க்கிறார். ஸ்மோக்கி கரடி நீட்டிய விரலுக்கு நேரே நிற்பவன் இந்தக் கிரஹாம்தான். ஆனால் கரடிக்கு அவன் பெயர் தெரியாது, சௌத்தாலுக்குத் தெரியும்.

அதே 1965-இல் தென் ஆஸ்திரேலியாவிலிருந்து காலின் தீலியின் ‘பிப்ரவரி டிராகன்’ வந்தது. தீலி ஆசிரியத் தொழிலில் இருந்தவர். பிள்ளைகளின் பேச்சும் விஷமமும் அவருக்கு அத்துபடி. கிராமத்துக் குடும்பமொன்றின் மூன்று குழந்தைகள், பள்ளிக்கூடம், வளர்ப்புப் பிராணிகள், வேடிக்கைகள் என்று நெடுந்தூரம் சாவதானமாகச் சென்று, பிறகுதான் தீ வருகிறது. சிரித்துக்கொண்டே வந்த வாசகன் அடிபடுவது அதிகமாகத்தான் இருக்கிறது. நூலின் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே. தீயை ஒரு பூதசர்ப்பமாக உருவகித்துத் தலைப்பிலேயே நிறுத்திவிட்டதால், பெரியவர்களின் அசட்டையைப் பற்றி அவர் சொல்லும் கண்டனம் ஓரளவு அந்தச் சர்ப்பத்தின் நிழலில் மறைந்துபோகிறது. மிருகத்துக்குக் குற்றம் ஏது? இதே ஆசிரியர் 1988-இல், மூட்டுவாதத்தால் நடக்க இயலாத ஒரு சிறுமியையும் அவளுடைய குதிரையையும் 1983-ஆம் ஆண்டுத் தீயின் நடுவே நிறுத்தி ‘ஜோடிஸ் ஜர்னி’ எழுதினார். தாமே அந்த நோயால் பல்லாண்டு வருந்தியவர் ஆதலின், அச்சிறுமி ஒவ்வொரு அசைவுக்கும் கொடுக்கும் விலையை எழுதும் இடங்களில் உருவகமெல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. இரண்டில் பின்னதையே நான் மேலாகக் கருதுகிறேன்.

2009-க்குப் பிறகு அந்நாட்டில் படப்புத்தகங்கள் பெருகின. ஜாக்கி பிரெஞ்ச் எழுதி புரூஸ் வாட்லி வரைந்த ‘ஃபயர்’ 2014-இல் வெளிவந்தது. 2019-20 கோடையின் பெருந்தீயை அடுத்து வாம்பட்டும் கோவாலாவும் கதாநாயகர்களாக அணிவகுத்தன. தீயைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு அதைப் பற்றிப் பேச ஒரு துணை வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்தவை இவை, வகுப்பறையில் பயன்படும், அதற்குமேல் அவற்றைப் பற்றி விஸ்தரிக்க என்னிடம் ஒன்றுமில்லை, வாட்லியின் வர்ணங்களைத் தவிர. செம்மஞ்சளையும் கருமையையும் அவர் கையாளும் விதம் தனியே பார்க்கத் தக்கது.

ஆனால் ஒரு கேள்வியை இந்நூல்கள் மெல்ல ஒதுக்கிவிட்டுப் போவதை நான் கவனிக்கிறேன். 2009 பிப்ரவரி 7 அன்று எரிந்த தீக்களில் மிகக் கொடியது கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் தொடங்கியது. மாண்ட 173 பேரில் 119 பேர் அதற்குப் பலியானவர்கள். அறுந்து விழுந்த மின்கம்பியே அதன் மூலம் என்று அரசு நியமித்த விசாரணைக் கமிஷன் கண்டது. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரைச் சாம்பலாக்கி 85 உயிர்களைக் குடித்த தீக்கும் மூலம் மின்தொடர்தான்: ஏறக்குறைய நூறாண்டு பழமையான கோபுரத்தில் தேய்ந்துபோன ஓர் இரும்புக் கொக்கி. பி.ஜி. அண்டு இ. என்னும் அந்த மின்சாரக் கம்பெனி 2020-இல் 84 மரணங்களுக்குக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. காப்பி போடப் போன சிறுவனையும் கூடாரத்துத் தீயை அணைக்க மறந்த வேட்டைக்காரனையும் கதையாக்கலாம். ஒரு கொக்கி தேய்வதையும், அதை மாற்றுவதற்கான செலவை ஒத்திப்போட்ட கணக்குப் புத்தகத்தையும் பத்து வயதுப் பிள்ளைக்குக் கதையாக்குவது எப்படி? லாரன் டார்ஷிஸ் எழுதும் வரிசையொன்று இருக்கிறது. பிழைத்துவிட்டேன் என்று தலைப்பிலேயே அறிவித்துவிட்டுத் தொடங்கும் நூல்கள் அவை. 2018-ஆம் ஆண்டுக் கலிபோர்னியத் தீக்களும் அதில் ஒரு நூலாயின. விறுவிறுப்புக்குக் குறைவில்லை, பிள்ளைகள் அவற்றை ஓடி ஓடி வாங்குகிறார்கள். ஓட்டம்தான் அங்கே பிரதானம். ஓடும்போது கொக்கியைப் பார்க்க அவகாசம் இராது.

அண்மைக் காலத்து நூல்கள் பொறுப்பைப் பூமி முழுவதற்கும் பகிர்ந்து கொடுத்துவிடுகின்றன. ஆலன் கிராட்ஸ் 2022-இல் எழுதிய ‘டூ டிகிரீஸ்’ மூன்று கதைகளைப் பின்னிச் செல்வது: தந்தையோடு குதிரையேறிச் சியரா நெவாடா மலைக்காட்டில் போகும்போது தீயில் சிக்கும் அகீரா, கனடாவின் வடபகுதியில் பனிக்கரடியிடம் அகப்படும் இரு சிறுவர்கள், மயாமியில் புயலில் அடித்துச் செல்லப்படும் ஒரு சிறுமி. தட்பவெப்ப மாறுதல் என்ற ஒரே கயிற்றில் மூன்றையும் கோத்திருக்கிறார். கயிறு உண்மையானதுதான், அதில் ஐயமில்லை. ஆயினும் அகீராவின் காட்டுத்தீ எந்த மண்ணுக்கும் சொந்தமில்லாமல், ஆபத்து என்ற பொதுப்பெயரில் கரைந்துவிடுகிறது. இதற்கு மாறாக, ஜூவல் பார்க்கர் ரோட்ஸ் 2021-இல் தந்த ‘பாரடைஸ் ஆன் ஃபயர்’ அளவில் சிறியது, நோக்கில் கூர்மையானது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அடுக்குமாடித் தீயில் பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளரும் கறுப்பினச் சிறுமி ஆடி, எந்த இடத்துக்குப் போனாலும் வெளியேறும் வழி எங்கே என்று தேடி வரைபடம் போட்டுக்கொண்டே இருப்பவள். கோடை முகாமுக்காகக் கலிபோர்னியக் காட்டுக்கு வந்த இடத்தில் தீ மூள்கிறது. வியாதிபோல் அவளைப் பீடித்திருந்த அந்த வரைபடப் பழக்கம் பிறருக்கு வழிகாட்டும் வித்தையாகிறது. யார் மூட்டினார் என்ற விசாரணையைக் காட்டிலும், இந்த நிலம் எப்படிக் கிடக்கிறது, நீர் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்ற அறிவே இங்கே முக்கியமாகிறது. சௌத்தாலுக்குப் பிறகு குழந்தையை அறிவுள்ள பிராணியாக மதித்த நூல் என்று இதைச் சொல்லலாம்.

நிலத்தின் அறிவு என்றதும் அந்நிலங்களின் பூர்வகுடிகளை மறந்துவிட்டுப் பேசமுடியாது. ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் வெள்ளையர் வருமுன் பல்லாயிரம் ஆண்டுகள் காட்டைத் திட்டமிட்டு எரித்தே பேணிவந்தவர்கள் அவர்கள். தடைசெய்யப்பட்டும் இகழப்பட்டும் ஒடுங்கியிருந்த அந்த வித்தை இப்போதுதான் பாலர் நூல்களில் தலைகாட்டுகிறது. மொண்டானாவின் சேலிஷ் மக்கள் 2005-இல் தம் பழங்கதையொன்றை ‘பீவர் ஸ்டீல்ஸ் ஃபயர்’ என்ற பெயரில் நூலாக்கினார்கள். மேலுலகிலிருந்து மிருகங்கள் கூடித் தீயைக் கொண்டுவரும் கதை. ஜானி ஆர்லீ சொல்ல, சாம் சாண்டவால் சித்திரம் வரைந்தது. நிலத்தில் பனி கிடக்கும் காலத்தில் மட்டுமே இக்கதையைச் சொல்லவேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்; புத்தகத்தைப் படிக்கவும் பருவம் உண்டு என்ற இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அங்கே தீ திருடப்படவேண்டிய செல்வம், அஞ்சி ஒளிய வேண்டிய சத்துரு அன்று.

ஆஸ்திரேலியாவில் விக்டர் ஸ்டெஃபன்சன், கேப் யார்க் பகுதியின் இரு மூத்தோரிடம் கற்ற வித்தையைச் சிறுவர்க்கெனச் சுருக்கி, 2022-இல் ‘லுக்கிங் ஆஃப்டர் கன்ட்ரி வித் ஃபயர்’ என்ற படநூலாகத் தந்தார். ஓவியம் சாண்ட்ரா ஸ்டெஃபன்சன். மாமா ஒருவர் பிள்ளைகளை அழைத்துச் சென்று, எந்த நிலம் எப்போது எரியத் தகுந்தது, எந்தப் புல் எந்த ஈரத்தில் மெல்ல எரியும், உச்சிக்கிளைகள் வேகாமல் அடிச்சருகு மட்டும் எரிவது எப்படி என்று காட்டுகிறார். தீக்குச்சியைத் தொடாதே என்று ஒரு நூற்றாண்டு காலம் அதட்டி வந்த பாலர் இலக்கியத்தில், தொடு, ஆனால் முதலில் காற்றைப் பார் என்று சொல்லும் குரல் இப்போது புகுந்திருக்கிறது.

இதுவும் எளிதில் ஆபத்தில்லாத போதனையாகிவிடக் கூடாது என்பதற்கு ஓர் அண்மைச் சம்பவம் சாட்சி. ஸ்மோக்கி கரடிக்குட்டி அகப்பட்ட அதே நியூ மெக்ஸிகோ மாகாணத்தில், 2022 ஏப்ரலில் வன இலாகாவே நன்னோக்கத்தோடு திட்டமிட்டு மூட்டிய தீ, காற்று மாறிக் கைமீறிப் போயிற்று. குளிர்காலத்தில் குவித்து எரித்த சுள்ளிக் குவியலொன்றின் அடியில் கனன்றுகொண்டிருந்த மற்றொரு தீயும் எழுந்து அதனோடு சேர்ந்துகொள்ள, இரண்டும் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஏக்கர் அளவுக்கு எரித்து அம்மாகாணத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய காட்டுத்தீயாயின. சரியான காரியத்தைச் சரியான முறையில் செய்யப் புகுந்தவர்களின் தீ அது. அணைத்து அணைத்துச் சேர்த்துவைத்த சருகு ஒருபக்கம், ஆண்டுக்காண்டு உலர்ந்துவரும் காற்று மறுபக்கம். நடுவே கையில் பந்தத்தோடு நிற்கும் மனிதன்.

படநூல்கள் சிறு பிள்ளைகளுக்கு இவ்வித்தையின் அரிச்சுவடியைத் தந்துவிட்டன. பன்னிரண்டு, பதினான்கு வயதினருக்கு இந்தப் பந்தத்தைக் கருவாகக் கொண்ட நாவல் ஒன்றையே நான் எதிர்பார்த்திருக்கிறேன். அதில் ஒரு சிறுமி தன் பாட்டனிடம் தீ வைக்கக் கற்றுக்கொள்வாள். நாள் பார்த்து, ஈரம் பார்த்து, ஊராரிடம் சொல்லி, இலாகாவின் அனுமதிச்சீட்டும் வாங்கி, ஒரு காலைநேரத்தில் புல்லில் தீ வைப்பாள். பிற்பகலில் காற்று திரும்பும். கிரஹாம் கைதவறி மூட்டினான். இவள் கற்றுத் தேர்ந்து மூட்டினாள். ஊரார் வந்து யார் வைத்த நெருப்பு என்று கேட்கும்போது பாட்டன் என்ன சொல்வார், அவள் என்ன சொல்வாள், மறு ஆண்டு அதே பருவத்தில் அவள் பந்தத்தை மீண்டும் எடுப்பாளா என்பதை எழுதவேண்டிய ஆசிரியர் அந்த மலைச்சாரல்களில் ஒன்றில் பிறந்தவராகத்தான் இருக்கவேண்டும்.